‘காலங்காலமாக’ என்னும் வாதம்: மகத் வழக்கும் வரலாற்றின் அளவுகோலும்

சாதியக் கொடுமைகளின் வரலாற்றை எழுதும்போதெல்லாம் நமக்கு ஓர் அறிவுரை வழங்கப்படுகிறது: இன்றைய அளவுகோலால் நேற்றை அளக்காதீர்கள். வரலாற்று முறையியல் என்ற வகையில் இது சரியானதே. ஆயினும் நிகழ்காலத்தைக் கடந்தகாலத்தின் மீது ஏற்றுவோர் யார் என்றும் நாம் கேட்டாக வேண்டும். மகத் குளத்து வழக்கு அதற்குத் தக்க சான்று.

பொது நிதியில் அமைந்த நீர்நிலைகளைத் தீண்டத்தகாதோரும் பயன்படுத்தலாம் எனப் பம்பாய்ச் சட்டமன்றம் 1923இல் தீர்மானித்தது. 1924இல் மகத் நகராட்சியும் சவுதார் குளத்தை அனைவருக்கும் உரியதாக்கித் தீர்மானம் இயற்றியது. ஏட்டளவில் இருந்த அவ்வுரிமையை, 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் சென்ற மக்கள் நீரருந்தி நிலைநாட்டினர், அதற்காகத் தாக்கப்பட்டனர். பின்னர்ச் சாதி இந்துக்கள் உரிமையியல் நீதிமன்றத்தை அணுகினர். குளம் தங்களுக்கே உரியது, தீண்டத்தகாதோரை விலக்கும் வழக்கம் நினைவுக்கெட்டாத காலந்தொட்டு நிலவுகிறது என்பதே அவர்களது வாதம்.

தம் காலத்து விலக்கலை எல்லாக் காலத்துக்கும் நீட்டியவர்கள் இங்கே அவர்கள்தாம். அந்தத் தொன்மை மெய்ப்பிக்கப்படவில்லை என 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அவர்களது மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

‘அக்காலத்தில் அது யாருக்கும் தவறாகத் தோன்றவில்லை’ என்ற சமாதானமும் நிற்காது. தீர்மானங்கள் இயற்றப்பட்டதும் அக்காலத்தில்தான். குளத்தை நோக்கி நடந்தவர்களும் அக்காலத்தவரே. ஒடுக்கியோரின் மனத்தை மட்டும் ஒரு காலத்தின் மனமாகக் கொள்வது வரலாறாகாது.

எச்சரிக்கை நமக்கும் உண்டு. 1937ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தீண்டாமை ஒழிப்புத் தீர்ப்பாகக் கொண்டாடுவது பிழை. தீண்டாமையை ஒழித்த அரசமைப்பின் 17ஆவது உறுப்பு நடைமுறைக்கு வந்தது 1950இல்தான். வழக்கம் நிறுவப்படவில்லை என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை; நிறுவப்பட்டிருந்தால் முடிவு வேறாகியிருக்கக்கூடும். இவ்வேறுபாட்டை மறந்தால், வழக்கத்தின் பிடியிலிருந்து சமத்துவ உரிமையை அரசமைப்பு எவ்வாறு மீட்டது என்பது நமக்கு விளங்காமலே போகும்.

கோயில் நுழைவிலும் பொதுப்பாதையிலும் ‘காலங்காலமாக இப்படித்தான்’ என்ற குரல் இன்றும் ஒலிக்கிறது. இன்று 17ஆவது உறுப்பின் முன் எந்த வழக்கமும் தீண்டாமைக்கு அரணாகாது. வரலாறு என்ற பெயரில் அவ்வாதம் வருமாயின், நாம் கேட்க வேண்டியவை இவை: எந்த ஆண்டிலிருந்து? எந்த ஆவணத்தின்படி? அன்று எதிர்த்தவர்கள் யார்?