உப்புச் சுரங்கத்தில் ஒரு உண்ணாவிரதம்

ஒரு கேள்வியோட ஆரம்பிப்போம். வேலை போச்சுன்னா, அது யார் தப்பு?

1993. முன்னாள் கிழக்கு ஜெர்மனியில பிஷோஃபரோடன்னு ஒரு சின்ன ஊர். மண்ணுக்கு அடியில பொட்டாஷ் உப்பு. ஊருக்கே அதுதான் சோறு. சோசலிச ஆட்சி முடியற நேரத்துல, 1990-ல், அரசு ஆலைகளைத் தனியார்மயமாக்க உருவாக்கின அமைப்பு ட்ராய்ஹாண்ட். அது பொட்டாஷ் சுரங்கங்களை ஒரு மேற்கு ஜெர்மன் கம்பெனியோட இணைக்குது. ஒப்பந்தம் ரகசியம். இந்தச் சுரங்கத்தை மூடணும்னு முடிவு.

மூடறவங்களுக்கும் ஒரு கணக்கு இருந்தது: உலகச் சந்தையில பொட்டாஷ் தேவைக்கு மேல கிடந்தது.

ஜூலையில தொழிலாளர்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தாங்க. அவங்க பழைய ஆட்சியைத் திரும்பக் கேக்கல. நல்ல சரக்கும் உழைப்பும் இருந்தா சந்தையில பிழைக்கலாம்னுதானே வாக்கு? எங்க உப்பு தரமானது, மேற்கிலேயே வாங்க ஆள் இருக்கு. அப்புறமும் மூடினா அது அநியாயம். இதுதான் அவங்க வாதத்தோட சாரம். அதாவது, சந்தையோட நியாயத்தை வெச்சே சந்தையைக் கேள்வி கேட்டாங்க.

அந்த வருஷக் கடைசியில சுரங்கம் மூடப்பட்டது.

நம்ம ஆபீஸ்ல லேஆஃப் வந்தா, முதல்ல 'என்கிட்ட என்ன குறை?'ன்னு தேடுறோம். அவங்க கேட்டது வேற: இதை முடிவு பண்ணது யாரு, எந்தக் கணக்குல?