ஒலிபரப்பு மாளிகையும் புதுக்குடியிருப்பு நேயரும்



மார்கழி மாதத்து அடைமழை நாளொன்றை மனக்கண்முன் கொணருங்கள். புதுக்குடியிருப்பிலே ஒரு குடும்பத் தலைவர் தம் வீட்டு விறாந்தையில் அமர்ந்து, சிறிய வானொலிப் பெட்டியொன்றைச் செவியருகே பிடித்துக்கொண்டிருக்கின்றார். தகரக் கூரையின்மீது மழை கொட்டுகின்றது. தெருவில் உழவு இயந்திரம் ஒன்று உறுமிக்கொண்டு செல்கின்றது. அவ்வேளையிலே முத்தையன்கட்டுக் குளத்தின் வான்கதவுகளைப் பற்றிய அறிவித்தல் வருகின்றது. 'இன்றிரவு திறக்கப்படும்' என்றாரா அறிவிப்பாளர், அல்லது 'திறக்கப்படாது' என்றாரா? மாடு கன்றுகளை மேட்டு நிலத்துக்கு ஓட்டிச் செல்வதா, கதவைச் சாத்திக்கொண்டு உறங்குவதா என்பது அந்த ஒரு சொல்லின் ஈற்றிலே தொங்கி நிற்கின்றது.

இது நம் மொழியின் இயல்பால் விளையும் தொல்லை. ஆங்கிலத்தில் மறுக்கும் சொல் பெரும்பாலும் தனித்து நின்று தன்னைக் காட்டிக்கொள்ளும். தமிழிலோ மறுப்பு வினையின் வாலோடு ஒட்டிக்கொண்டு வருகின்றது. பேசுவோர்க்கு மூச்சுக் குறைந்து குரல் தாழ்கின்ற இடமும் அந்த வாலேயாகும். எண்களிலும் இவ்விடர் உண்டு. ஒன்பதுக்கும் எண்பதுக்கும் உள்ள வேறுபாடு முதலெழுத்துகளிலே முடிந்துவிடுகின்றது. 'பது' மாத்திரம் செவியில் விழுந்தால் பயன் யாது?

இக்காலத்து ஊடக நிறுவனமொன்று தனக்கெனத் தலைமையகம் கட்ட முனையும்போது, முதற்கூட்டத்திலே பேசப்படுவன கண்ணாடிச் சுவர்களும், வாயிற்கூடத்துப் பெருந்திரையும், வருவோர் வியக்கும் செய்திக்கூடமுமே. அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் அம்மாளிகையின் வரைபடத்தைப் புதுக்குடியிருப்பு விறாந்தையிலிருந்து வரையத் தொடங்குவதே முறை என்பது என் துணிபு. கருவிகள் பத்தாண்டுக்கு ஒருமுறை மாறும். பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டலாம். சுவரையும் தரையையும் அவ்வாறு மாற்றவியலாது. நிசப்தத்தைப் பின்னொரு நாளில் கடையிலே வாங்கிவரவும் இயலாது.

முதலில் அறையின் உள்ளே நிகழ்வதைப் பார்ப்போம். பூச்சுப் பூசிய வெறுஞ்சுவர் அறையொன்றிலே நின்று கைதட்டுங்கள். ஒலி உடனே அடங்காமல் சுவருக்குச் சுவர் மோதி இழுபட்டு ஓய்கின்றது. இதனை எதிர்முழக்கம் என்பர். ஒலியின் ஆற்றல் பத்துலட்சத்தில் ஒரு பங்காகக் குறைவதற்குச் செல்லும் நேரமே அதன் அளவு. இதை முதன்முதலில் முறையாக அளந்தவர் அமெரிக்காவின் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாலஸ் சபின் என்னும் இளம் பௌதிக ஆசிரியர். 1895ஆம் ஆண்டிலே, அப்பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலைக்கூடத்து விரிவுரை மண்டபத்தில் பேசுவது ஒருவருக்கும் விளங்கவில்லை என்ற முறைப்பாட்டைத் தீர்க்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அம்மண்டபத்தில் ஒரு சொல் ஏறத்தாழ ஐந்தரை விநாடி அலைந்துகொண்டிருந்ததாம். சபின் நள்ளிரவுக்குப்பின், ஊர் அடங்கிய வேளையில், அண்மையிலிருந்த அரங்கமொன்றின் இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து பரப்பி, ஓர்கன் குழலை ஒலிக்கவிட்டு, ஒலி அடங்கும் நேரத்தைக் குறித்தார். விடியுமுன் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும்! தாம் உடுத்திருந்த உடையும் ஒலியை உறிஞ்சுகின்றது என்று கண்டபின், அளவெடுக்கும் இரவுகளிலெல்லாம் ஒரே உடையையே அணிந்தாராம். அவர் கண்ட விதியின் துணைகொண்டே 1900ஆம் ஆண்டில் பொஸ்டன் நகரத்து இசை மண்டபம் எழுந்தது.

அவ்விதி மிக எளியது. அறையின் கனவளவை 0.161 ஆற் பெருக்கி, அறையிலுள்ள பரப்புகள் உறிஞ்சும் மொத்த அளவினால் வகுக்க வேண்டும். ஆறு மீற்றர் நீளம், ஐந்து மீற்றர் அகலம், மூன்று மீற்றர் உயரமுள்ள செய்தி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கனவளவு 90 கனமீற்றர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்த பரப்பு 126 சதுரமீற்றர். சீமெந்துப் பூச்சு தன்மேற் படும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கையே உண்ணும் என்று கொண்டால், எதிர்முழக்கம் மூன்றே முக்கால் விநாடிக்கு மேலாகின்றது. பேச்சுக்குரிய கலையகத்திலோ அது 0.3 விநாடி அளவிலே நிற்க வேண்டும்.

இதனால் நம் 'திறக்கப்படாது' என்ற சொல்லுக்கு நேர்வது என்ன? செய்தி வாசிப்பவர் விநாடிக்கு ஐந்து அசைகள் உச்சரிப்பதாகக் கொள்வோம். ஓர் அசைக்கு ஐந்திலொரு விநாடி. பூச்சுச் சுவர் அறையிலே, அடுத்த அசை பிறக்கும்போது முந்திய அசை பாதியளவே குறைந்திருக்கும். ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். செப்பனிட்ட அறையிலே முந்தியது பதினாயிரத்தில் ஒரு பங்காகத் தேய்ந்துபோயிருக்கும். தாழ்ந்த குரலில் வரும் ஈற்றசைக்கு வழி விட்டுக்கொடுப்பது இந்த வேறுபாடே.

இவ்விடத்தில் ஒரு தவறான நம்பிக்கையைச் சுட்டிச் செல்கின்றேன். திரைச்சீலையைத் தொங்கவிட்டாற் போதும், முட்டைத் தட்டுகளைச் சுவரில் ஒட்டினாற் போதும் என்று எண்ணுவோர் பலர். மெல்லிய துணி உயர்ந்த சுருதிகளை மாத்திரமே உறிஞ்சும். விநாடிக்கு நூறு அதிர்வுள்ள ஆண்குரலின் அடித்தொனிக்கு அலைநீளம் 3.4 மீற்றர், அதற்குத் துணி ஒரு பொருட்டன்று. ஆகவே 'ச', 'த' போன்ற கூர்மையான ஒலிகள் மங்கி, அடிக்குரல் மட்டும் குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் முழங்கும். முட்டைத் தட்டின் பயனோ அதிலும் குறைவு. தடித்த கனிமக் கம்பளிப் பாளங்கள், அவற்றின் முன்னே துளையிட்ட பலகைகள், பின்னே காற்றிடைவெளி என இவையெல்லாம் அளந்து அமைக்கப்பட வேண்டும். அதற்குச் சுவரிலே இடம் வேண்டும்; அந்த இடத்தைக் கட்டடக் கலைஞரிடம் முன்னரே கேட்டுப் பெற வேண்டும்.

அடுத்தது, வெளியொலி உள்ளே புகாமற் காத்தல். இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு 1932இல் இலண்டனிலே திறக்கப்பட்ட பி.பி.சி. ஒலிபரப்பு மாளிகை. அதன் கலையகங்கள் கட்டடத்தின் நடுவே கோபுரம்போல் அடுக்கப்பட்டன. அலுவலக அறைகள் நாற்புறமும் சூழ்ந்து தெருவின் இரைச்சலைத் தாங்கிக்கொண்டன. நம் ஊர்களில் வளவின் நடுவே வீட்டை அமைத்துச் சுற்றிவர வேலியும் மரமும் வைப்பது போன்ற ஏற்பாடு இது. நடுக்கோபுரத்தை உருக்குச் சட்டமின்றிச் செங்கல்லினாலேயே கட்டினர். உருக்கு அதிர்வைத் தளத்துக்குத் தளம் கடத்திவிடும் என்பதே காரணம். இவ்வளவு செய்தும், நிலத்தின்கீழ் ஓடும் சுரங்கப் புகைவண்டியின் உறுமல் கீழ்த்தளத்துக் கலையகத்தை எட்டத்தான் செய்தது. சுவர் எவ்வளவு தடித்ததாயினும் தரைவழி வரும் அதிர்வை அது தடுப்பதில்லை.

ஆதலின் இக்காலத்தில் அறைக்குள் அறை கட்டுகின்றனர். உள்ளறையின் தரை இறப்பர் தாங்கிகளின்மீது அமர்ந்திருக்கும்; அதன் சுவர் வெளிச்சுவரை எங்கும் தொடாது. கட்டும்போது ஒரு கொத்தனார் இடைவெளியில் தவறவிட்ட சாந்துக்கட்டி ஒன்றே இரண்டையும் பாலம்போல் இணைத்து, செலவழித்த பணத்தையெல்லாம் வீணாக்கிவிடக்கூடும். சாளரத்துக்கு வெவ்வேறு தடிப்புள்ள இரு கண்ணாடிகளை இடைவெளி விட்டுப் பொருத்துவர். ஒரே தடிப்பாயின் இரண்டும் ஒரே சுருதிக்கு ஒருங்கே அதிரும். கதவுகளும் இரண்டு, அவற்றிடையே சிறிய ஒலியடைப்பு அறை. இப்படி அடைத்த அறையிலே மனிதர் வேகாமலிருக்கக் குளிர்காற்று வேண்டும். அக்காற்றே பெரும்பகையாகலாம். குறுகிய குழாயில் விரைந்து வரும் காற்று சீறும். அகன்ற குழாயில் மெல்ல வருவது கேளாது. ஆனால் அகன்ற குழாய்க்குக் கூரையிலே உயரம் வேண்டும். தளம் ஒன்றைக் கூட்டிக் கட்டலாமே என்று உரிமையாளர் கூரையைத் தாழ்த்தும் நாளிலேயே நிசப்தம் விடைபெற்றுவிடுகின்றது.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மின்வழங்கல் 230 வோல்ற்று. ஒலிவாங்கி தருவதோ ஒரு வோல்ற்றின் ஆயிரத்தில் ஓரிரு பங்கு. இரண்டின் கம்பிகளையும் ஒரே குழாயிலே செலுத்தினால், விநாடிக்கு ஐம்பது அதிர்வுள்ள ஓயாத முனகல் குரலோடு சேர்ந்துவிடும். எனவே பாதைகளைப் பிரித்தும், முறுக்கிய இரட்டைக் கம்பிகளைக் கையாண்டும், நிலத்தொடுப்பை ஓரிடத்திலேயே சேர்த்தும் அமைக்க வேண்டும். மின்தடை வந்தால் மின்பிறப்பாக்கி உயிர்பெறச் சில விநாடிகள் செல்லும். அவ்விடைவெளியை மின்கலத் தொகுதி நிரப்ப வேண்டும். இனி, வலிய அஞ்சல் கருவியைக் கலையகத்தருகே வைப்பது நன்றன்று. இலங்கை வானொலியின் கலையகங்கள் கொழும்பிலிருக்க, சிற்றலை அஞ்சல் நிலையம் நகருக்கு வடக்கே ஏகலையில் அமைந்தது அத்தகைய ஏற்பாடே.

தொலைக்காட்சி வந்தபின் கண்ணுக்கும் காதுக்கும் ஒரு வழக்கு எழுந்தது. ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15ஆம் நாள் ஒளிபரப்பைத் தொடங்கியது. அன்றிருந்த கருவிகளிலே படமும் ஒலியும் ஏறக்குறைய ஒருங்கே ஓடின. இன்றோ படம் எண்களாக மாற்றப்பட்டுக் கருவி கருவியாகத் தங்கிச் செல்கின்றது. விநாடிக்கு 25 சட்டங்கள் கொண்ட நம் முறையிலே, ஒரு கருவி ஒரு சட்டத்தைப் பிடித்து வைத்தால் 40 மில்லிவிநாடி கழிகின்றது. மூன்று கருவிகளைக் கடந்தால் படம் 120 மில்லிவிநாடி பிந்திவிடும். குரலோ நேர்வழியில் முன்னே ஓடிவந்து நிற்கும்.

இதனை நம் கண் பொறுப்பதில்லை. வயல்வெளியில் 170 மீற்றருக்கு அப்பால் ஒருவர் விறகு பிளக்கின்றார் என்க. கோடரி விழுவது முதலிலே தெரியும். ஒலி அரை விநாடி கழித்தே வரும். பிறந்த நாள் முதல் ஒலி பிந்தி வருவதையே கண்டு பழகியிருக்கின்றோம்; முந்தி வந்ததை இயற்கையிற் கண்டவர் எவருமிலர். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையும் இதற்கு இயையவே அமைந்துள்ளது. ஒலி 125 மில்லிவிநாடி பிந்தும்வரை மக்கள் வேறுபாட்டை உணர்வதில்லையாம். முந்துவதாயின் 45 மில்லிவிநாடியிலேயே உணர்ந்துவிடுகின்றனர். எனவே பொறியியலாளர் படம் தங்கிவரும் நேரத்தைக் கணித்து, குரலையும் அவ்வளவு காக்கவைக்க வேண்டும். உதட்டசைவைப் பார்த்தே சொல்லைப் பிடிக்கும் செவிப்புலன் குறைந்த முதியோருக்கு இக்கணிப்பு எத்துணை உதவி என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

கண்ணாடிச் செய்திக்கூடம் இன்றைய நாகரிகம். இலண்டனிலே விரிவாக்கப்பட்ட ஒலிபரப்பு மாளிகையை 2013 ஜூன் 7ஆம் நாள் இரண்டாம் எலிசபெத் மகாராணியார் திறக்க வந்தபோது, செய்தி வாசிப்போரின் பின்னே, கண்ணாடிக்கு அப்பால் அவர் நின்றிருந்த காட்சி நேரலையிலேயே உலகெங்கும் தெரிந்தது. வேடிக்கையான காட்சிதான். ஆயினும் கண்ணாடி ஒலியைச் சிறிதும் உண்ணாமல் திருப்பி எறியும் பொருள். பகல் வெளிச்சத்தின் நிறமும் விளக்கொளியின் நிறமும் வேறாதலால், சாளரத்தருகே அமர்ந்தவரின் முகம் ஒருபுறம் நீலமும் மறுபுறம் மஞ்சளுமாகத் தோன்றும். கண்ணாடி வேண்டுமென்போர் அதன் பின்னே சரிவும், எதிர்ச்சுவரிலே உறிஞ்சு பாளமும், விளக்குகளின் நிறப் பொருத்தமும் சேர்த்தே விலை பேச வேண்டும்.

மாளிகையை விட்டு வெளியேறிய குரல் எங்கே சென்று முடிகின்றது? ஏ9 வீதியில் மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே, கொக்காவிலில், 2011இல் திறக்கப்பட்ட 174 மீற்றர் உயரக் கோபுரம் நிற்கின்றது. அலைகளை வன்னியின் வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கக் கோபுரங்கள் உண்டு. வீட்டிலுள்ள பெட்டியோ மிகச் சிறியது. 1990களிலே வன்னிக்கு மின்சாரமும் இல்லை, தடையினால் மின்கலமும் இல்லை. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, தைனமோவின் மின்னினாலே மக்கள் வானொலி கேட்டார்கள். ஒருவர் சுழற்ற, மற்றவர் கேட்பார். கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். அப்படிக் கேட்ட தலைமுறை இன்றும் அங்கே வாழ்கின்றது.

ஆகவே கட்டுப்பாட்டு அறையிலே விலையுயர்ந்த பெரிய ஒலிபெருக்கிகள் இரண்டு இருப்பதோடு, கையகலமான மலிந்த ஒலிபெருக்கி ஒன்றும் இருக்க வேண்டும் என்பேன். பெரியதிலே இனிக்கும் அடிக்குரல் சிறியதிலே இல்லாமற்போகும். எஞ்சுவது மெய்யெழுத்துகளின் கூர்மையே. புதிய மாளிகைக்குக் குடிபுகுமுன் ஒரு பரீட்சை வைக்கலாம். கலையகத்திலே ஒருவர் ஐம்பது அறிவித்தல்களை வாசிக்கட்டும். அவற்றுட் பாதி 'திறக்கப்படும்', 'செல்லலாம்' என முடிய, மறுபாதி 'திறக்கப்படாது', 'செல்லலாகாது' என முடியட்டும். ஒன்பதும் எண்பதும் இடையிடையே வரட்டும். பொறியியலாளர் இருவர் சிறிய வானொலிப் பெட்டியுடன் புதுக்குடியிருப்புக்குச் சென்று, தகரக் கூரையின்கீழ் அமர்ந்து, உழவு இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்டதைத் தாளில் எழுதட்டும். தாளிலுள்ளதையும் வாசித்ததையும் ஒப்புநோக்கிய பின்னர் வாயிற்கூடத்துப் பெருந்திரைக்கு விலை கேட்கலாம்.