செல்போன் சொல்லும் சட்டம் செல்லுமா?

"தூக்கமே வரலீங்க டாக்டர். நெஞ்சு படபடங்குது" என்றபடி வந்து உட்கார்ந்தார், பென்னாகரம் பக்கத்துப் பெண் ஒருவர். நாடியில் பெரிய கோளாறு தெரியவில்லை. மெல்ல விசாரித்தேன். பொலபொலவென்று அழுதுவிட்டார்.

விவாகரத்து கேட்டுக் கணவர் போட்ட வழக்கில் கோர்ட் சம்மன் வந்திருக்கிறது. அதை வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். ஏன்? "வாங்காட்டி கேஸ் நடக்காதுன்னு செல்போன் வீடியோவுல சொன்னாங்க!"

நான் வைத்தியன். சட்டம் தெரிந்த வக்கீல் நண்பரைக் கேட்டேன். பதறிவிட்டார்.

சம்மனை வாங்க மறுத்தால், அது வந்து சேர்ந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் போகாவிட்டால், எதிர்த் தரப்பை மட்டும் விசாரித்து எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வரலாம். அதை ரத்து செய்யக் கேட்க, பொதுவாக 30 நாள்தான் கெடு. தாமதமானால் தகுந்த காரணம் காட்ட வேண்டும்.

பழைய வீடியோ, புதிய சட்டம்

"அப்பா 2005-க்கு முன்னாடியே போயிட்டாரு. பூர்வீகச் சொத்துல மகளுக்குப் பங்கில்லை" என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். 2015-ல் சுப்ரீம் கோர்ட் அப்படித்தான் சொன்னது. ஆனால் 11.8.2020 அன்று மூன்று நீதிபதிகள் பெஞ்ச் அதை மாற்றிவிட்டது. இந்துக் குடும்பத்தில் மகளுக்கும் பிறப்பாலேயே உரிமை உண்டு. 9.9.2005 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை. அதேசமயம், 20.12.2004-க்கு முன்பே முறைப்படி பதிவாகி முடிந்த பாகப்பிரிவினையைக் கிளற முடியாது. பாருங்கள், ஒரு தேதியில் ஒரு குடும்பத்தின் பங்கே மாறிவிடுகிறது!

ஜீவனாம்சம் கேட்கும் 125-வது பிரிவும் அப்படித்தான். 1.7.2024 முதல் புதிய சட்டத்தில் அது 144-வது பிரிவு.

எங்கே போவது?

"வக்கீல் ஃபீஸுக்கு எங்க போறது?" என்கிறீர்களா? தருமபுரி கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987-ம் வருடச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உதவி உண்டு. போனில் 15100. கையில் இருக்கும் எல்லாக் காகிதத்தையும் எடுத்துப் போங்கள். கோர்ட் கவரைக் கிழித்துப் போடாதீர்கள்.

அந்தப் பெண்ணும் போனார். நல்லவேளை, தீர்ப்பு வந்திருக்கவில்லை. வக்கீல் ஆஜரானதும் பாதிப் படபடப்பு போய்விட்டது. மீதிக்கு அமுக்கரா சூரணம் பாலில் கொடுத்தேன்.

இதைப் படித்துவிட்டு நீங்களும் அமுக்கரா வாங்கிச் சாப்பிட்டு விடாதீர்கள்! அவர் உடம்பைப் பார்த்து அவருக்குக் கொடுத்தது அது. சட்டமும் அப்படித்தான்.