பாம்பு இல்லாத பரமபதம்: ஏற ஏற நீளும் ஆன்லைன் ஏணி

99-ல் பாதி எவ்வளவு? பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டால் 49.5 என்று சொல்லிவிடும். ‘ரூன்ஸ்கேப்’ விளையாடும் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். கொஞ்சமும் யோசிக்காமல் ‘92’ என்பார்!

2001-ல் இங்கிலாந்தில் வெளியான ஆன்லைன் ரோல் பிளேயிங் கேம் ரூன்ஸ்கேப். மரம் வெட்டுவது, மீன் பிடிப்பது, சமைப்பது, சண்டை போடுவது என ஒவ்வொரு திறமைக்கும் அதில் தனித்தனி லெவல் உண்டு. 1-ல் ஆரம்பித்து 99-ஐத் தொடுவதுதான் விளையாடுபவர்களின் கனவு. இரண்டாவது லெவலுக்குப் போக 83 அனுபவப் புள்ளிகள் போதும். சில நிமிடங்களில் கிடைத்துவிடும். 99-ஐத் தொட 1,30,34,431 புள்ளிகள் வேண்டும். 92-ல் நிற்பவர் அதுவரை சேர்த்திருப்பது 65,17,253. மேலே இன்னும் 7 படிகள்தான் தெரிகின்றன. ஆனால், செய்ய வேண்டிய வேலையில் பாதி அப்படியே பாக்கி நிற்கிறது.

ஏறத்தாழ 7 லெவலுக்கு ஒருமுறை தேவைப்படும் புள்ளிகள் இரட்டிப்பாகின்றன. சதுரங்கப் பலகையில் கட்டத்துக்குக் கட்டம் இரட்டிப்பாக நெல் கேட்டு ராஜாவின் களஞ்சியத்தையே காலி செய்த பழைய கதையின் கணக்குதான் இது. அந்தக் கதையில் காலியானது களஞ்சியம். இங்கே காலியாவது, விளையாடுபவரின் நேரம்.

‘அப்பா, லெவல் ஏறிட்டேன்!’ என்று வீட்டுப் பிள்ளை துள்ளும்போது, அது எந்த ஏணி, அதை யார் செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள் என்று தெரிந்துகொள்வது பெரியவர்களுக்கும் நல்லது, பிள்ளைகளுக்கும் நல்லது.

மேஜையில் பிறந்த ஏணி

ரோல் பிளேயிங் கேமில் விளையாடுபவருக்கு ஒரு கதாபாத்திரம் கிடைக்கும். வீரன், மந்திரவாதி, வைத்தியன் என எதுவாகவும் இருக்கலாம். முதலில் அவன் நோஞ்சான். அரக்கர்களை வென்றால், கொடுத்த வேலையை முடித்தால் அனுபவப் புள்ளிகள் சேரும். குறிப்பிட்ட அளவு சேர்ந்ததும் லெவல் ஒன்று கூடும், பலமும் கூடும். அடுத்த ஊருக்குப் போகலாம்.

இந்த யோசனை கம்ப்யூட்டரில் பிறக்கவில்லை. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ விளையாட்டை வெளியிட்டார்கள். பேப்பர், பென்சில், பகடை... இவ்வளவுதான் கருவிகள். நண்பர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசியே விளையாடும் அந்த ஆட்டத்தில்தான் அனுபவப் புள்ளியும் லெவலும் பரவலாக அறிமுகமாயின.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1978-ல் இங்கிலாந்தின் எஸெக்ஸ் பல்கலைக்கழக மாணவர் ராய் ட்ரப்ஷா, பலர் ஒரே நேரத்தில் நுழைந்து விளையாடக்கூடிய ‘மட்’ என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை எழுதத் தொடங்கினார். உடன் படித்த ரிச்சர்டு பார்ட்டில் அவரோடு சேர்ந்துகொண்டார். படமே கிடையாது, திரை முழுக்க எழுத்துகள்தான். இன்றைய ஆன்லைன் ரோல் பிளேயிங் விளையாட்டுகளுக்கு இதுதான் பாட்டன்.

அதிலும் லெவல்கள் இருந்தன. புதுமுகமாக நுழைபவர் ஏறி ஏறி, உச்சியில் ‘விஸார்டு’ ஆகலாம். பார்ட்டில் வசதியான குடும்பத்துப் பிள்ளை அல்ல. யார் வீட்டில் பிறந்தாய், எப்படிப் பேசுகிறாய் என்பதை வைத்து மனிதரை எடைபோடும் பிரிட்டிஷ் சமூகத்தின் மீது அவருக்குக் கோபம் இருந்தது. பிறப்பைப் பார்க்காமல், செய்த செயலை மட்டும் பார்த்து உயர்த்தும் ஓர் உலகம் வேண்டும் என்றே அந்த ஏணியை வைத்ததாகப் பிற்காலத்தில் அவர் சொல்லியிருக்கிறார். லெவல் என்பது அன்று ஒரு வாக்குறுதி. ‘நீ யாராக வேண்டுமானாலும் இரு. உழைத்தால் மேலே வரலாம்!’

பாம்புகளை விரட்டியவர்கள்

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதம் ஆடியவர்களுக்குத் தெரியும். அந்தப் பலகையில் ஏணியும் உண்டு, பாம்பும் உண்டு. வைகுண்டத்துக்கு ஒரு கட்டம் முன்னால்கூடப் பாம்பு வாய் பிளந்து காத்திருக்கலாம்.

ஆரம்பகால ஆன்லைன் விளையாட்டுகளிலும் பாம்புகள் இருந்தன. 1999-ல் வெளியான ‘எவர்க்வெஸ்ட்’டில் கதாபாத்திரம் செத்துப்போனால் சேர்த்த புள்ளிகளில் ஒரு பகுதி போய்விடும். சில நேரம் லெவலே ஒன்று இறங்கிவிடும். அணிந்திருந்த கவசமும் ஆயுதமும் உடல் விழுந்த இடத்திலேயே கிடக்கும். வெறுங்கையோடு ஓடிப்போய் மீட்டுவர வேண்டும். அப்படியிருந்தும் ஆட்கள் அதை விட்டபாடில்லை. ஒரு போதைப்பொருளின் பெயரோடு சேர்த்து ‘எவர்க்ராக்’ என்று அதற்குப் பட்டப்பெயரே வந்தது.

2004 நவம்பரில் பிளிஸார்டு நிறுவனம் ‘வேர்ல்டு ஆஃப் வார்க்ராஃப்ட்’டை வெளியிட்டது. அதில் செத்தாலும் புள்ளி குறையாது. ஆவியாக ஓடி உடலை அடைந்தால் மறுபடி உயிர். பாம்புகளை எடுத்துவிட்டு ஏணியை மட்டும் வைத்தார்கள். பாதையையும் நேராக்கினார்கள். மனித இனத்தில் பிறந்த வீரனுக்கு 1 முதல் 10 லெவல் வரை எல்வின் காடு. 10 முதல் 20 வரை வெஸ்ட்ஃபால் வயல்வெளி. எங்கே போவது என்ற குழப்பமே இல்லை. 2010-ல் அதன் சந்தாதாரர்கள் 1.2 கோடியைத் தொட்டார்கள்.

ஒரே கணக்கு, வேறு பெயர்

அந்த விளையாட்டின் சோதனைக் காலத்தில் நடந்த ஒரு விஷயம் சுவையானது. ஒருவர் ஒரேயடியாக உட்கார்ந்து விளையாடக் கூடாது என்று வடிவமைப்பாளர்கள் நினைத்தார்கள். குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு கிடைக்கும் புள்ளிகள் பாதியாகக் குறையும்படி வைத்தார்கள். விளையாடியவர்கள் கொதித்துவிட்டார்கள். ‘எங்களுக்குத் தண்டனையா?’

வடிவமைப்பாளர்கள் கணக்கைத் தொடவில்லை, பெயரைத்தான் மாற்றினார்கள். குறைந்த அளவை ‘சாதாரணம்’ என்றார்கள். முன்பு சாதாரணமாக இருந்ததை, ‘ஓய்வெடுத்தவருக்கு இரட்டைப் புள்ளி’ என்றார்கள். கோபப்பட்டவர்களே இப்போது கொண்டாடினார்கள். எண்கள் அதேதான். ‘குறைக்கிறார்கள்’ என்ற எண்ணம் போய், ‘கூடுதலாகத் தருகிறார்கள்’ என்ற எண்ணம் வந்துவிட்டது.

இந்த மனக்கணக்கு கேமுக்கு மட்டும் உரியதல்ல. ஜோசஃப் நூனெஸ், சேவியர் ட்ரீஸ் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்காவில் கார் கழுவும் நிலையம் ஒன்றில் 300 பேருக்கு அட்டை கொடுத்துச் சோதித்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு 8 கட்டங்கள் கொண்ட வெற்று அட்டை. எல்லாக் கட்டங்களிலும் முத்திரை விழுந்தால் ஒருமுறை இலவசம். மறுபாதிப் பேருக்கு 10 கட்டங்கள். ஆனால், 2 முத்திரைகள் முன்கூட்டியே குத்தப்பட்டிருக்கும். இருவருக்குமே தேவை 8 முத்திரைகள்தான். வெற்று அட்டை வாங்கியவர்களில் 19 சதவிகிதம் பேரும், ‘ஏற்கெனவே 2 முடிந்துவிட்டது’ என்ற அட்டை வாங்கியவர்களில் 34 சதவிகிதம் பேரும் அட்டையை நிரப்பினார்கள். 2006-ல் இந்த முடிவுகள் வெளியாயின.

முதல் பத்து லெவல்கள் ஏன் மளமளவென்று ஏறுகின்றன என்பது இப்போது புரியும். அவை முன்கூட்டியே குத்தித் தரப்பட்ட முத்திரைகள். ‘இவ்வளவு தூரம் வந்தாச்சு, விடுவதா?’ என்று மனம் கேட்கத் தொடங்கிய பிறகுதான் படிகளின் உயரம் கூடுகிறது.

இதைக் கிண்டல் செய்தே 2002-ல் ‘புராக்ரஸ் குவெஸ்ட்’ என்று ஒரு கேம் வந்தது. பெயரையும் இனத்தையும் தேர்ந்தெடுத்தால் போதும். அதற்குப் பிறகு விளையாட எதுவுமே இல்லை. கேம் தானே அரக்கர்களைக் கொல்லும், தானே லெவல் ஏறும். திரையில் பட்டைகள் நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். வேடிக்கை என்னவென்றால், அதையும் நாள்கணக்கில் ஓடவிட்டு ரசித்தவர்கள் இருந்தார்கள்!

நண்பர்களைப் பிரிக்கும் படிகள்

நேர்கோட்டு ஏணியில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. இரண்டு நண்பர்கள் ஒரே நாளில் தொடங்குகிறார்கள். ஒருவனுக்குப் பரீட்சை. இரண்டு வாரம் கழித்து வருகிறான். நண்பன் 40-ல் நிற்கிறான், இவன் 12-ல். நண்பன் போகும் இடத்துக்கு இவன் போனால் ஒரே அடியில் காலி. நண்பன் இவனிடம் இறங்கி வந்தால், அங்கே அவனுக்குச் சவாலும் இல்லை, புள்ளியும் இல்லை. சேர்ந்து விளையாடத்தான் ஆன்லைனுக்கு வந்தார்கள். ஏணி அவர்களைப் பிரித்துவிட்டது.

வடிவமைப்பாளர்களுக்கும் இது தெரியும். 2004-ல் வந்த ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’, சிறிய லெவல்காரரைப் பெரிய லெவல் நண்பரோடு இணைத்துத் தற்காலிகமாகத் தூக்கிவிட்டது. 2012-ல் வந்த ‘கில்டு வார்ஸ் 2’ எதிர்த்திசையில் போனது. பெரிய லெவல்காரர் சிறிய ஊருக்குள் நுழைந்தால் அவர் பலம் தானாகக் குறையும். ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்’ 2016-ல் லெவல் வித்தியாசம் இல்லாமல் யாரும் எங்கும் போகலாம் என்று உலகத்தையே திறந்துவிட்டது.

நல்ல தீர்வுகள்தான். ஆனால், புதிய கேள்வி ஒன்றும் கூடவே வந்தது. ‘எங்கே போனாலும் ஓநாய் எனக்குச் சமமாகத்தான் இருக்கும் என்றால், நான் எதற்கு லெவல் ஏற வேண்டும்?’

60 டாலருக்கு 90 படி

ஏறி முடித்தவர் சந்தாவை நிறுத்திவிடக் கூடாதே... என்ன செய்வது? ஏணியை நீட்டினார்கள். வேர்ல்டு ஆஃப் வார்க்ராஃப்ட்டின் உச்சம் 2004-ல் 60. 2007-ல் 70, 2008-ல் 80, 2010-ல் 85, 2012-ல் 90, 2014-ல் 100, 2016-ல் 110, 2018-ல் 120. உச்சியைத் தொட்டவர்கள் ஒவ்வொரு முறையும் மறுபடி ஏறினார்கள்.

புதிதாக வருபவருக்கோ இந்த உயரத்தைப் பார்த்தாலே மூச்சு முட்டியது. 2020-ல் நிறுவனம் ஏணியைச் சுருக்கியது. 120-ல் நின்றவர்கள் ஒரே நாளில் 50 ஆனார்கள். புதிய உச்சம், மறுபடியும் 60! பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே எண்.

இதற்கு நடுவே, ஏறுவதே சரக்காகிவிட்டது. உங்களுக்குப் பதிலாக வேறொருவர் உட்கார்ந்து லெவல் ஏற்றித்தரும் ‘பவர் லெவலிங்’ கள்ளச்சந்தை பல நாடுகளில் முளைத்தது. சீனாவில் அதைத் தினக்கூலி வேலையாகவே செய்த இளைஞர்கள் இருந்தார்கள். ஒருவருக்கு விளையாட்டாக இருந்தது இன்னொருவருக்கு ஷிஃப்ட் வேலையாக இருந்தது. 2014-ல் பிளிஸார்டு நிறுவனமே கடையைத் திறந்தது. 60 டாலர் கொடுத்தால் கதாபாத்திரம் நேராக 90-வது லெவலில் நிற்கும். அப்போது உச்சமே 90-தான்.

காசு இருப்பவர், இல்லாதவர் என்ற பேதம் தெரியாத ஏணி வேண்டும் என்று தொடங்கிய யோசனை, முப்பத்தாறு ஆண்டுகளில் வந்து சேர்ந்த இடம் இது.

வேறு வழிகளும் உண்டு

எல்லோரும் இந்த நேர்கோட்டில்தான் போனார்கள் என்றில்லை. 1997-ல் வந்த ‘அல்டிமா ஆன்லைன்’னில் லெவல் என்பதே கிடையாது. வாள் வீசினால் வாள்வித்தை வளரும். ரொட்டி சுட்டால் சமையல் வளரும். எல்லாத் திறமைகளுக்கும் சேர்த்து ஒரு வரம்பு உண்டு. வரம்பை எட்டிய பிறகு புதிதாக ஒன்று வேண்டுமென்றால் பழையதில் ஒன்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் எல்லாமாக ஆக முடியாததால் கொல்லர், தையல்காரர், மீன்பிடிப்பவர் என ஊரில் ஒருவருக்கொருவர் தேவைப்பட்டார்கள்.

2005-ல் வந்த முதல் ‘கில்டு வார்ஸ்’ஸில் உச்சமே 20 லெவல்தான். விரைவிலேயே எட்டிவிடலாம். அதற்கு மேல் பலம் கூடாது; எந்த உத்திகளை எப்படிச் சேர்த்துப் பயன்படுத்துவது என்ற புத்திதான் கைகொடுக்கும். மாதச் சந்தா இல்லாத விளையாட்டு அது. ஏணியை நீட்டிக்கொண்டே போக வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை.

‘எந்த லெவல்?’ என்று மட்டும் கேட்காதீர்கள்

மட் விளையாட்டை உருவாக்கிய அதே பார்ட்டில், 1996-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஆன்லைன் விளையாட்டுக்கு வருபவர்களை அதில் நான்கு வகையாகப் பிரித்தார். சாதிக்க வருபவர்கள், புதிய இடங்களைத் தேடிப்பார்க்க வருபவர்கள், நாலு பேரோடு பழக வருபவர்கள், அடுத்தவரை வீழ்த்தி மகிழ வருபவர்கள். லெவல் ஏணி இவர்களில் முதல் வகையினருக்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது.

அதனால், பிள்ளையிடம் ‘எந்த லெவல்ல இருக்க?’ என்று கேட்பதைவிட, ‘யாரோட விளையாடின? புதுசா என்ன பார்த்த?’ என்று கேட்டுப் பாருங்கள். கண்கள் விரியப் பதில் வந்தால், பிள்ளை விளையாடுகிறது என்று அர்த்தம். ‘இன்னும் ரெண்டு லெவல்தான், விடுங்க’ என்ற பதில் மட்டுமே தினமும் வந்தால், ஏணி பிள்ளையை விளையாடவைத்துக்கொண்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறும் இருக்கிறது. கட்டுப்பாடு போய், மற்ற எல்லாவற்றையும்விட கேமே முக்கியமாகி, பாதிப்பு தெரிந்தும் நிறுத்த முடியாமல், பொதுவாக ஓராண்டாவது அது நீடித்தால்தான் அந்தப் பெயர். விளையாடும் பிள்ளைகள் எல்லோரும் நோயாளிகள் அல்லர். லெவல் ஏறும் சந்தோஷமும் பொய்யல்ல. ஆனால், அடுத்த படி எங்கே என்பதை முடிவு செய்வது விளையாடுபவர் அல்ல என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பரமபதத்தில் கடைசிக் கட்டம் பலகையிலேயே அச்சடிக்கப்பட்டிருக்கிறது. அதைத் தொட்டதும் ஆட்டம் முடிந்தது. பலகையைச் சுருட்டி வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். ஆன்லைன் ஏணியில் அந்தக் கடைசிக் கட்டத்தை யாரும் அச்சடித்துத் தர மாட்டார்கள். அதை விளையாடுபவர்தான் வரைந்துகொள்ள வேண்டும்.