கியர்பெட்டியைக் கழற்றுமுன் கேபிளைப் பாருங்கள்

பழைய டொயோட்டா ஓட்டோ கியர் கார்களில், முந்திச்செல்ல அக்சிலரேட்டரை முழுதாக மிதித்தும் கியர் குறையாவிட்டால், உடனே கியர்பெட்டி பழுதென்று முடிவெடுக்க வேண்டாம். திரொட்டிலையும் கியர்பெட்டியையும் இணைக்கும் கேபிள் இடம் மாறியிருக்கலாம்.

முதலில் கியர் ஓயில் அளவைப் பாருங்கள். பின்னர் எஞ்சினை நிறுத்தி, ஒருவரை அக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கச் சொல்லுங்கள். திரொட்டில் முழுதாகத் திறந்திருக்கையில், கேபிளிலுள்ள சிறு தடுப்புக்கும் இறப்பர் உறையின் முனைக்கும் இடையே பல மாடல்களில் 0 முதல் 1 மில்லிமீற்றர் இடைவெளியே இருக்கவேண்டும். பிழையென்றால் இரு நட்டுகளையும் தளர்த்திச் சரிசெய்து இறுக்குங்கள்.

கேபிள் இறுகினால் கியர் பிந்தி, அதிர்ந்து மாறும். தளர்ந்தால் முந்தி மாறும். ஓயில் அழுத்தம் குறைந்து கிளட்ச் தகடுகள் வழுக்கி எரியும். அதன்பின் கியர்பெட்டியைக் கழற்றத்தான் வேண்டியிருக்கும். எனவே தளர்ந்த கேபிளோடு ஓடாதீர்கள்.