காலையில் இழுக்கும், வெயில் ஏறினால் நிற்கும்

தென்சென்னைப் பட்டறைகள் – 14

உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி பட்டறைக்கு வரும்போது அதோடு வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். "காலைல ஏழு மணிக்கு நல்லா இழுக்குதுண்ணே. வெயில் ஏறுனதும் மேட்டுல நின்னுடுது. இன்ஜின் ஓடுது, பிளேடு சுத்துது, வண்டி மட்டும் நகர மாட்டேங்குது." நிழலில் அரை மணி நேரம் போட்டுவைத்தால் மறுபடி ஓடும். அடுத்த வாரம் அந்த ஓட்டம் இன்னும் சுருங்கும். சில மாதங்களில் வண்டி ஷெட்டுக்குள் போய்விடும். "கியர் பாக்ஸ் போச்சு, முழுசா மாத்தணும், இம்போர்ட் பண்ணணும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இறக்குமதிக்கான தொகையைக் கேட்டதும் நிர்வாகம் வாயை மூடிக்கொண்டிருக்கும்.

தாம்பரத்தைச் சுற்றி இந்த வண்டிகள் அதிகம் இல்லை. பெரிய கல்லூரி மைதானங்கள், கிளப்புகள், ஓ.எம்.ஆர். வளாகங்கள், மறைமலைநகர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளின் முகப்புப் புல்வெளிகள், அவ்வளவுதான். ஆனால் இருக்கிற வண்டிக்கு ஓய்வே கிடையாது. நர்சரிக்காரர்கள் பெர்முடா என்று விற்கும் அருகம்புல் ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்துவிட்டு வளரும் வேகம் தோட்டக்காரர்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் வண்டி நின்றால் ஐந்தாறு பேர் தோளில் பிரஷ் கட்டரை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நிற்க வேண்டும். ஆகவே இதைச் சரிசெய்யக் கற்றுக்கொள்வது வேலைக்காரர்களின் முதுகுக்கும் நல்லது.

கியர் பாக்ஸ் என்று சொல்கிறோமே தவிர, இதில் வேகம் மாற்றும் கியர்கள் இல்லை. ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷன் என்பது அதன் பெயர். பின் அச்சும் அதே அலுமினியப் பெட்டிக்குள் இருக்கும். இன்ஜினிலிருந்து வரும் பெல்ட் பெட்டியின் தலையில் உள்ள புல்லியைச் சுற்றுகிறது. புல்லி உள்ளே ஒரு பம்பைச் சுற்றுகிறது. பம்பு தள்ளும் எண்ணெய் பக்கத்திலுள்ள ஹைட்ராலிக் மோட்டாரைச் சுற்றுகிறது. மோட்டாரின் சுற்று பல்சக்கரங்கள் வழியாகக் குறைந்து சக்கரத்துக்குப் போகிறது. இரண்டு ஊசிக்குழல்களை ரப்பர் குழாயால் இணைத்து ஒன்றை அழுத்தினால் மற்றது எழும்புமே, அதே தத்துவம்தான், இடைவிடாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பம்பின் சிலிண்டர் பிளாக்கில் சிறு பிஸ்டன்கள் வட்டமாக அமர்ந்திருக்கும். அவற்றின் தலைகள் ஸ்வாஷ் பிளேட் எனப்படும் சாயும் தட்டின் மேல் அழுந்திக்கொண்டு சுற்றும். தட்டு நேராக இருந்தால் பிஸ்டன் உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது, வண்டி நிற்கும். ஓட்டுநர் பெடலை மிதித்ததும் தட்டு சாய்கிறது. சாய்வு கூடக்கூட பிஸ்டனின் வீச்சு கூடுகிறது, வேகம் கூடுகிறது. எதிர்ப்பக்கம் சாய்த்தால் ரிவர்ஸ். கிளச்சும் இல்லை, கியர் மாற்றுவதும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரெனால்ட் ஜேனி, ஹார்வி வில்லியம்ஸ் என்ற இரு அமெரிக்கர்கள் வடிவமைத்த இந்த வகை இயக்கம் போர்க்கப்பல் பீரங்கி மேடைகளைத் திருப்பப் பயன்பட்டது. 1967-ல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் தன் 656 டிராக்டரில் இதை விற்றது. இங்கிலாந்தின் ஸ்ட்ரௌடில், கம்பளித் துணியின் மேற்பரப்பைச் சீவும் எந்திரத்தைப் பார்த்து எட்வின் பட்டிங் 1830-ல் உருவாக்கிய புல்வெட்டியோடு இது பிற்பாடுதான் சேர்ந்தது.

இனி அந்த வெயில் விஷயம். பம்பின் சிலிண்டர் பிளாக் ஓர் உலோக முகத்தின் மேல் உட்கார்ந்து சுற்றுகிறது. நடுவில் கேஸ்கெட் கிடையாது, ரப்பர் வளையம் கிடையாது. சில மைக்ரான் தடிமனுள்ள எண்ணெய்ப் படலம்தான் அங்கே சீல். அந்த இடைவெளி வழியாகக் கொஞ்சம் எண்ணெய் கசிந்தபடியே இருக்கும். கசிவின் கணக்கு ஈவிரக்கமற்றது. அது இடைவெளியின் மும்மடியில் ஏறுகிறது. தேய்மானத்தால் இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு. எண்ணெயின் பிசுபிசுப்பு பாதியானால் கசிவு இரண்டு மடங்கு. 10W-30 எண்ணெயின் பாகுத்தன்மை 40 டிகிரியில் 65, 70 சென்டிஸ்டோக்ஸ் இருக்கும். 100 டிகிரியில் 10, 11-க்கு இறங்கிவிடும். கசியும் எண்ணெய் வேலை செய்யாமல் சூடாக மட்டும் மாறுகிறது. சூடு எண்ணெயை மேலும் நீர்த்துப்போகச் செய்கிறது. நீர்த்த எண்ணெய் மேலும் கசிகிறது. மேட்டில் ஏறும்போது அழுத்தம் கூடும். அங்கேதான் வண்டி கைவிடும்.

இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் அமெரிக்க வீட்டுத் தோட்டங்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. சுற்றுப்புற வெப்பத்துக்கு மேல் பெட்டி எவ்வளவு சூடாகிறது என்பது எங்கே ஓட்டினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். 20 டிகிரியில் ஓட்டினால் எண்ணெய் எவ்வளவு சூடாகுமோ, கத்திரி வெயிலில் 40 டிகிரியில் ஓட்டினால் அதைவிடச் சுமார் 20 டிகிரி கூடுதலாகச் சூடாகும். இந்த ஊரில் எண்ணெயை ஓர் உதிரிபாகமாக நினைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். பரவலாகப் புழங்கும் டஃப் டார்க் கே-46 பெட்டிக்கு ஆரம்பத்தில் 10W-30 ஊற்றினார்கள். பிறகு அந்த நிறுவனமே 5W-50 சிந்தெடிக்குக்கு மாறியது. ஹைட்ரோ-கியர் நிறுவனம் தன் பல பெட்டிகளுக்கு 20W-50 இன்ஜின் ஆயிலையே பரிந்துரைக்கிறது. பழைய புல்லட்டுக்கு ஊற்றிய அதே கிரேடு, குரோம்பேட்டையின் எந்த ஆயில் கடையிலும் கிடைக்கும். உங்கள் பெட்டியின் கையேட்டைப் பார்த்துவிட்டு, அது அனுமதிக்கும் வரம்பில் தடித்த எண்ணெயைத் தேர்ந்தெடுங்கள்.

பட்டறைக்காரர்கள் இந்தப் பெட்டியைக் கண்டு மிரள்வதில் நியாயம் இல்லை. ஜி.எஸ்.டி. சாலையிலும் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையிலும் இரவெல்லாம் ஓடும் கான்கிரீட் டிரான்ஸிட் மிக்ஸர்களைப் பாருங்கள். பின்னால் சுற்றும் அந்த டிரம்மை ஓட்டுவது இதே ஏற்பாடுதான். சாய்தட்டு பம்ப், மோட்டார், அதன்பின் பல்சக்கரப் பெட்டி. ஒரு பக்கம் சுற்றினால் கலவை கலங்கும். லீவரை எதிர்ப்பக்கம் தள்ளினால் தட்டு மறுபக்கம் சாய்ந்து கலவை வெளியே கொட்டும். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஸ்விங் ஸ்டெட்டர் ஆலை இந்த மிக்ஸர்களைத் தயாரிக்கிறது. கலவை ஏற்றிய டிரம் வழியில் நின்றால் உள்ளே இறுகிவிடும், பிறகு உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் அம்பத்தூரிலும் கிண்டியிலும் இந்தப் பம்புகளைப் பிரித்து மாட்டும் கைகள் உருவாகியிருக்கின்றன. மிக்ஸரில் எண்ணெயைக் குளிர்விக்கத் தனிக் கூலர் உண்டு, வெளியே கழற்றும் ஃபில்டர் உண்டு, அழுத்தம் காட்டும் கேஜ் உண்டு. புல்வெட்டியின் சிறிய பெட்டியில் இவை கிடையாது. புல்லியின் மேல் ஒரு பிளாஸ்டிக் விசிறி, பெட்டியின் மேல் சில அலுமினிய மடிப்புகள், அவ்வளவே குளிரூட்டல்.

ஆகவே முதலில் அந்த விசிறியைப் பாருங்கள். இறக்கை உடைந்திருக்கலாம். மடிப்புகளின் மேல் புல்தூளும் எண்ணெயும் சேர்ந்து காய்ந்து கம்பளிபோல் போர்த்தியிருக்கலாம். பிரஷ்ஷால் துடைத்ததும் குணமான வண்டிகள் உண்டு. அடுத்து பெல்ட். நழுவும் பெல்ட் கொடுக்கும் அறிகுறி தேய்ந்த பம்பின் அறிகுறியை அப்படியே ஒத்திருக்கும். டென்ஷன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது பெல்ட் பக்கங்கள் கண்ணாடிபோல் மின்னும். பின்பக்கத்து பைபாஸ் லீவர் பாதி இழுபட்ட நிலையில் இருந்தாலும் வண்டி நகராது. சக்கரத்தின் ஹப்பில் சாவித்துண்டு அறுந்திருந்தால் அச்சு மட்டும் சுற்றும், சக்கரம் சும்மா இருக்கும். முன்னால் போகிறது, பின்னால் வரவில்லை என்றால் பெடல் கம்பியின் அளவையும், அதற்குப் பிறகு அந்தப் பக்கத்துச் செக் வால்வையும் சந்தேகியுங்கள். பம்ப் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சேர்ந்தே பலம் குறையும். கீச்சென்று ஊளையிட்டால் எண்ணெயில் காற்று. எண்ணெய் மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர். மழையில் திறந்தவெளியில் நிறுத்திய வண்டியில் இதைப் பார்க்கலாம்.

இவை எதுவும் இல்லையென்றால் பெட்டியை இறக்க வேண்டியதுதான். கே-46 போன்றவற்றில் எண்ணெய் வடிக்கும் போல்ட்டே கிடையாது. பெட்டியை வண்டியிலிருந்து கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்துத்தான் வடிக்க வேண்டும். உள்ளே சுமார் 2 லிட்டர் இருக்கும். வெளியை டீசலில் நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகே இரண்டு பாதிகளையும் பிரிக்க வேண்டும். பிரிக்கும் மேசையில் மண்துகள் ஒன்று இருந்தாலும் செய்த வேலை வீண். பாலிஷிங் மிஷின் ஓடும் மூலையில் இதைச் செய்யவே கூடாது. திறந்ததும் அடியில் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல்போல் மெல்லிய இரும்புத்தூள் ஒட்டியிருப்பது இயல்பு. பல்சக்கரமும் பம்பும் ஒரே எண்ணெயில் குளிப்பதால் பல் தேய்ந்த தூள் முழுவதும் அங்கே வந்து சேரும். மின்னும் செதில்கள் இருந்தால் பேரிங்கோ பல்லோ உடைகிறது. பிறகு ஃபில்டர். அது அடைத்துக்கொண்டால் பம்ப் எண்ணெய்க்கு ஏங்கும்.

கடைசியில் அந்த உலோக முகங்கள். சிலிண்டர் பிளாக்கைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வட்டக் கீறல்கள் தெரியும். நகத்தை அதன் குறுக்கே இழுங்கள். நகம் தட்டவில்லை என்றால் லேப்பிங் செய்து காப்பாற்றலாம்: தடித்த கண்ணாடித் தகட்டில் 1000, பிறகு 2000 எண் நீர்த்தாளை ஒட்டி, எண்ணெய் விட்டு, எட்டு வடிவில், கையின் எடை மட்டும் படும்படி தேய்ப்பது. சீரான மங்கல் நிறம் முழு முகத்திலும் வந்தால் நிறுத்திவிட வேண்டும். நகம் சிக்கினால் அந்தப் பாகத்தை மாற்றத்தான் வேண்டும். லேப்பிங் என்பது பொறுமையின் வேலை. நல்ல கைகள் அதைச் செய்யும்போது பார்த்துக்கொண்டிருப்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஆயில் சீலுக்கும் பேரிங்குக்கும் கம்பெனி பார்சலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சீலின் மேல் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் அச்சிட்டிருக்கும். பேரிங்கின் எண் உலகெங்கும் ஒன்றுதான். 6204 என்றால் டோக்கியோவிலும் பாரிமுனையிலும் 20, 47, 14 மில்லிமீட்டர்தான். பெட்டியின் விளிம்பில் பழைய பசையைச் சுரண்டி எடுத்து, அனபாண்ட் பசையை மெல்லிய இழையாக விட்டு மூடலாம். உள்ளே வழியும் அளவுக்கு விட்டால் அது உரிந்து ஃபில்டரை அடைக்கும்.

மூடிய பிறகு காற்று எடுக்காமல் ஓட்டினால் புதிதாக லேப்பிங் செய்த முகம் சில நிமிடங்களில் கெடும். பிளேடை அணைத்து, பின்சக்கரங்கள் தரையைத் தொடாதபடி ஸ்டாண்டில் உறுதியாக ஏற்றுங்கள். பைபாஸ் லீவரை இழுத்துவைத்து, இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, பெடலை முன்னும் பின்னுமாக ஐந்தாறு முறை நிதானமாக மிதியுங்கள். இன்ஜினை நிறுத்தி, லீவரை உள்ளே தள்ளி, அதையே மறுபடி செய்யுங்கள். ஊளை அடங்கும் வரை செய்து, அளவு இறங்கியிருந்தால் எண்ணெய் ஊற்றுங்கள். அதே லீவரைப் பற்றி ஓட்டுநர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: இன்ஜின் அணைந்த வண்டியை லீவரை இழுக்காமல் தள்ளினாலோ கயிறு கட்டி இழுத்தாலோ சக்கரம் மோட்டாரைச் சுற்றும், மோட்டார் உள்ளே பம்பாக மாறி எண்ணெயை முட்டும்.

வாழ்நாள் முழுதும் திறக்க வேண்டாம் என்று விற்ற பெட்டி திறந்தால் சரியாகிறது என்பதில் எனக்குக் கோபமும் உண்டு. ஒரு போல்ட் ஓட்டை வைத்திருந்தால் எண்ணெய் மாற்றுவது அரை மணி வேலை. இந்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 ஜூலையில் குழு அமைத்து, அதே டிசம்பரில் இணைய முகப்பைத் தொடங்கியபோது, முதலில் கவனிக்க வேண்டிய துறைகளில் விவசாயக் கருவிகளையும் சேர்த்தது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2023-ல் விவசாயக் கருவிகளுக்கென்றே சட்டம் இயற்றியது. இங்கே குழுவோடும் இணைய முகப்போடும் நிற்கிறோம், சட்டம் வரவில்லை.

அதுவரை கொள்முதல் செய்பவர்களின் கையில் ஓர் அதிகாரம் இருக்கிறது. புல்வெட்டிக்கு டெண்டர் எழுதும்போது குதிரைத்திறனையும் வெட்டும் அகலத்தையும் கேட்பதோடு, பெட்டியில் எண்ணெய் வடிக்கும் வழி உண்டா, ஃபில்டரை வெளியிலிருந்து மாற்றலாமா, உள்பாகங்கள் தனியாகக் கிடைக்குமா என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். ஹைட்ரோ-கியரின் பெரிய பெட்டிகளில் வெளி ஃபில்டர் உண்டு, முதல் 100 மணி நேர ஓட்டத்துக்குள் எண்ணெய் மாற்றச் சொல்கிறார்கள். விலை கூடுதல்தான். சித்திரை மதியத்தில் மேடு ஏற வேண்டிய மைதானத்துக்கு அதுவே மலிவு.

(தொடரும்)