கந்தையும் பட்டும் ஒரே போர்வையில்

மார்கழியும் தையும் நம் ஊர்ப் பக்கத்தில் கோலத்துக்கும் பொங்கலுக்கும் உரிய மாதங்கள். கரக்பூரில் குடியேறிய நமக்கோ அவை போர்வைக்குரிய மாதங்களும் ஆகும். எட்டு முழ வேட்டியை மடித்துப் போர்த்து உறங்கிப் பழகிய குடும்பங்கள், இங்கு வந்தபின் குழந்தைகளுக்கென்று தனிப் போர்வை தேட வேண்டியிருக்கிறது. அதே சமயம், நம் வீட்டு டிரங்குப் பெட்டிகளில் துணிக்குக் குறைவில்லை. அம்மாவின் சுங்குடிச் சேலை, அப்பாவின் மல் வேட்டி, மடிப்பில் இற்றுப்போன பட்டு, பிள்ளைகளுக்குச் சிறிதாகிவிட்ட டெரிகாட்டன் சீருடை என்று பலவும் கிடக்கின்றன. பாத்திரக்காரரிடம் போட்டால் ஓர் எவர்சில்வர் கிண்ணம் கிடைக்கும். ஆனால் மனம் வருவதில்லை.

இவற்றைச் சேர்த்துத் தைத்தால் போர்வையாகுமே என்று எண்ணாத சகோதரிகள் இல்லை. நாம் வாழும் வங்க நாடே இதற்கு வழிகாட்டி. பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே கையோட்டமாகத் தைத்து, ‘காந்தா’ என்னும் போர்வையாக்கும் வழக்கம் இங்குத் தொன்றுதொட்டு உண்டு. அவர்களுடைய ‘காந்தா’வும் நம்முடைய ‘கந்தை’யும் ‘கந்தா’ என்னும் ஒரே வடசொல்லின் வழி வந்தவை.

ஆனால் காந்தாவுக்கும் நாம் இயந்திரத்தில் தைப்பதற்கும் ஒரு வேற்றுமை உண்டு. கைத்தையல் தளர்வானது; துணி இழுபட்டால் நூலும் சற்று இடம் கொடுக்கும். பழைய காந்தாவில் சேர்ந்தவை பெரும்பாலும் ஒரே குணமுடைய பருத்தித் துணிகள். இயந்திரமோ மேல் நூலையும் பாபின் நூலையும் ஒன்றோடொன்று பின்னி இறுக்கிவிடுகிறது. நம் பெட்டியிலோ பருத்தியும் பட்டும் மட்டுமல்ல, 1941-இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்ட டெரிலினின் வழிவந்த துணிகளும் கலந்திருக்கின்றன.

எங்கள் குடியிருப்பில் ஓர் அம்மையார், காலஞ்சென்ற தம் தாயாரின் பட்டுச் சேலையைச் சதுரங்களாக வெட்டிப் புதிய பாலியெஸ்டர் துணியோடு இணைத்துத் தைத்தார். தையலில் குறை சொல்ல இடமில்லை. ஆயினும் முதல் சலவையில், தையல் அப்படியே நிற்க, அதன் ஓரத்தில் பட்டு மட்டும் கோடு கிழித்தாற்போல் விட்டுப்போயிற்று. வேறு துணியாயின் மீண்டும் வாங்கலாம். அந்தச் சேலையை எங்கே வாங்குவது?

இதிலிருந்து நாங்கள் கண்டது இதுதான்: உறுதியான துணியும் நலிந்த துணியும் சேருமிடத்தில், இழுவை முழுவதும் நலிந்ததன் தலையிலேயே விழுகிறது. ஆதலால் ஊசி, நூல், தையலின் நீளம், இஸ்திரியின் சூடு ஆகிய அனைத்தையும் நலிந்த துணிக்கு ஏற்பவே வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் இல்லத்தில் துணி வெட்டுவதும் இஸ்திரி போடுவதும் அலுவலகத்திலிருந்து திரும்பியவரின் பங்கு. இயந்திரத்தில் அமர்பவர் இல்லத்தரசியார். இருவரும் சேர்ந்து கடைப்பிடிக்கும் முறையைக் கீழே தருகிறோம்.

முதலில் துணியின் தரத்தை அறிய வேண்டும். பருத்தி நூலுக்கு எண் உண்டு. 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு ராத்தல் எடையாகுமோ அதுவே அந்நூலின் எண். எண் ஏற ஏற நூல் மெலிந்ததாகும். 100-ஆம் எண் நூலில் நெய்த சேலையும் 20-ஆம் எண் நூலில் நெய்த துண்டும் உறுதியில் ஒன்றாக மாட்டா. பழந்துணியாயின் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சேலையில் குதிகால் படும் ஓரமும் உட்காரும் இடமும் தேய்ந்திருக்கும். முந்தானை பெரும்பாலும் திடமாக இருக்கும். எவ்வகைத் துணி என்பதில் ஐயமிருந்தால், நாலைந்து இழைகளை இடுக்கியில் பிடித்து, கீழே நீர்ப் பாத்திரம் வைத்து எரித்துப் பார்க்கலாம். பருத்தி, காகிதம் எரியும் மணத்தோடு மென்சாம்பலாகும். பட்டு, மயிர் பொசுங்கும் நாற்றம் தரும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகிவிடும்.

அடுத்து, கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்ற பழமொழியைத் தையலுக்கும் கொள்ள வேண்டும். புதிய பருத்தித் துணி நனைந்தால் சுருங்கும். பாலியெஸ்டர் அவ்வளவு சுருங்காது. நனைக்காமல் இரண்டையும் இணைத்தால், சலவைக்குப் பின் ஒன்று சுருங்கி மற்றொன்று உப்பி நிற்கும். ஆதலால் எல்லாவற்றையும் தனித்தனியே அலசி உலர்த்திய பின்னரே வெட்ட வேண்டும். சாயம் விடும் துணியை, நீர் தெளியும் வரை மீண்டும் மீண்டும் அலச வேண்டும். தெளியவில்லையெனில் அத்துணியை விலக்கிவிடுவதே நல்லது. பட்டைக் குளிர்ந்த நீரில் மெல்ல அலசினால் போதும்.

மூன்றாவது, நலிந்த துணிக்குத் துணை கொடுப்பது. பட்டுத் துண்டின் அளவுக்கே மல் துணி வெட்டி, இழையோட்டம் ஒரே திசையில் இருக்குமாறு அடியில் வைத்து, ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே சுற்றிலும் தைத்துவிடுங்கள். இனி இரண்டும் ஒரே துணி. பிறகு அரை அங்குலம் உள்ளே வரும் இணைப்புத் தையலின் இழுவையைப் பட்டோடு மல்லும் தாங்கும். சரிகை அடர்ந்த பகுதியும், பழைய மடிப்புக் கோடு உள்ள பகுதியும் வேண்டாம். பட்டு முதலில் இற்றுப்போவது அம்மடிப்பிலேதான்.

நான்காவது, இயந்திரத்தை அமைப்பது. பெரும்பாலான துணிகளுக்கு 14-ஆம் எண் ஊசி போதும். பல அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும்போது 16-ஆம் எண் ஊசி வேண்டும். தையல் மிக நெருக்கமாக விழலாகாது. ரசீதுப் புத்தகத்தில் கிழிப்பதற்காகவே துளைகளை வரிசையாக இட்டிருப்பார்கள் அல்லவா? நலிந்த துணியில் நெருங்கிய தையலும் அதே வேலையைத்தான் செய்யும். அங்குலத்துக்கு எட்டு அல்லது ஒன்பது தையல் போதுமானது. நூல் பருத்தி நூலாக இருக்கட்டும். நூல் அறுந்தால் மீண்டும் தைக்கலாம். துணி கிழிந்தால் தைக்க இடமிராது.

தைக்கும்போது கீழே உள்ள பற்கள் அடித்துணியை முன்னே நகர்த்துகின்றன. மேலே அழுத்தும் பாதமோ மேல்துணியைப் பின்னுக்குத் தள்ளுகிறது. ஆதலால் இழுபடும் துணியையும் வழுக்கும் துணியையும் அடியில் வைத்து, திடமானதை மேலே வைத்து, இரு முனைகளிலும் நடுவிலும் குண்டூசி குத்திக்கொள்ள வேண்டும். கையால் இழுத்தல் ஆகாது.

குழந்தைக்கான போர்வை மூன்றரை அடி அகலமும் ஐந்தடி நீளமும் இருந்தால் போதும். ஏழு அங்குலச் சதுரமாக 70 துண்டுகள் வெட்டி, அரை அங்குலத் தையலில் வரிசைக்கு ஏழாகப் பத்து வரிசை இணைத்தால் இவ்வளவு கிடைக்கும். நலிந்த துண்டுகளை ஓரத்தில் வைக்காதீர்கள். பிடித்து இழுப்பதும் உதறுவதும் அங்கேதான். தையல் மடிப்பைத் திடமான துணியின் பக்கம் சாய்த்து, பாலியெஸ்டருக்கு ஏற்ற இளஞ்சூட்டில் இஸ்திரி போட வேண்டும். நடுவில் பழைய பருத்திப் போர்வை ஒன்றும், அடியில் வேட்டியும் வைத்து, நான்கு அங்குலத்துக்கு ஒரு வரியாக ஓட்டித் தைத்து, ஓரத்துக்குப் பட்டி கொடுத்தால் வேலை முடிந்தது.

ஒவ்வொரு துணியிலும் ஒரு சாண் வெட்டாமல் எடுத்து வையுங்கள். பின்னாளில் ஒட்டுப்போட அதே துணி வேண்டும். கார்த்திகையில் வெட்டத் தொடங்கினால், மார்கழிக் குளிருக்குள் பாட்டியின் சேலை பேரப் பிள்ளைகளின் மேல் இருக்கும்.